டப்பாவில் நின்ற பிரஷ்

சேவலின் உடம்பு சைபினுடையது, வால் என்னுடையது. வட தாய்லாந்தின் லம்பாங்கில், எங்கள் பீங்கான் கிண்ணப் பட்டறையில் ஒருத்தியே முழுச் சேவலையும் எழுதுவதில்லை. சைபின் சிவப்பில் கழுத்தும் மார்பும் போட்டுக் கிண்ணத்தை நீட்டுவாள். நான் கறுப்பில் வாலையும் காலையும் இழுத்துத் தள்ளிவிடுவேன். இலையும் பூவும் அடுத்த மேசை வேலை.

நாங்கள் எதிரெதிரே உட்காருவோம். அதனால் கிண்ணம் எனக்குத் தலைகீழாகத்தான் வரும். திருப்பிக்கொண்டிருந்தால் வேலை தேங்கும். கால் மேலேயும் தலை கீழேயுமாகக் கிடக்கிற சேவலுக்கு வால் போட்டே எனக்கு நரைத்துவிட்டது.

மகளுக்குப் பிரசவம் என்று சைபின் சொன்புரிக்குப் போனாள். "மழைக்கு முன்னால வந்துருவேன், வன்பென். என் ஸ்டூல்ல எவளையும் குந்த விடாதே" என்றாள். மழை வந்துவிட்டது. அவள் வரவில்லை.

ஆனால் அவளுடைய பிரஷ் இருந்தது. எங்கள் தொழிலில் பிரஷ் மயிரை அவரவர் கைக்குத் தகுந்த மாதிரி நாங்களே கத்தரித்துக்கொள்வோம். ஒருத்தியுடையது இன்னொருத்திக்கு உதவாது. வேலையை விட்டு நிற்கிறவள் துடைத்த துணியைக்கூட மறப்பாள், பிரஷ்ஷை மறக்கமாட்டாள். சைபின் அதை டப்பாவிலேயே விட்டுப் போயிருந்தாள். நான் காலையில் வந்ததும் அதன் தூசியைத் தட்டுவேன்.

என் புருஷன் செத்துப்போனான். மகன் கொரியாவில். வீட்டில் டிவிதான் பேசும். வாய் திறந்து நான் பேசியதெல்லாம் அந்த மேசையில்தான். சைபின் போனபிறகு, 'உப்பு இருக்கா' என்று கேட்கக்கூட ஆளில்லை.

முதலாளியம்மா ஒருநாள் வந்து நின்றாள். "காலி ஸ்டூலுக்கு எத்தனை நாள்தான் ஃபேன் சுத்தும்? புது ஆள் போடப் போறேன்."

"வேணாம்மா. அவ வர்ற வரைக்கும் உடம்பையும் நானே போடறேன்."

"நீயா? வாலைத் தவிர உனக்கு என்னடி தெரியும்?"

"ஒரு சூளை பாருங்கம்மா."

"ஒரே ஒரு சூளை. கிண்ணம் நல்லா வந்தா ஸ்டூல் காலியாவே கிடக்கட்டும். இல்லேன்னா நீ வாயைத் திறக்கக் கூடாது."

கிண்ணத்தை நேராகப் பிடித்தால் எனக்குக் கை ஓடவில்லை. வால் எங்கே தொடங்கும் என்றே தெரியவில்லை. சரி என்று தலைகீழாகப் பிடித்து, சிவப்பையும் அப்படியே போட்டேன். கை ஓடியது. பளபளப்புக்காகக் கண்ணாடிப் பூச்சுக் குழம்பில் முக்கினால் வெள்ளை மூடிக்கொள்ளும். வெந்து வரும்வரை உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

சூளையைப் பிரித்த இன்தோன்தான் முதலில் பார்த்தான். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

"வன்பென் அக்கா! இங்க வந்து பாரு, உன் சேவலுக்கெல்லாம் கழுத்துல எலும்பே இல்ல! பொண்டாட்டி செத்த சேவலா இதெல்லாம்?"

நிஜம்தான். தலைகீழாகப் பார்த்தபோது நிமிர்ந்து தெரிந்த கழுத்துதான்; நேராக வைத்தால் அத்தனை சேவலும் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. வால் மட்டும் எப்போதும்போல விறைப்பாக இருந்தது.

முதலாளியம்மா திட்டவில்லை. ஒரு கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் கழிசல் குவியல்ல போடு இன்தோன். திங்கக்கிழமை ஒருத்தி வர்றா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பாட்டு நேரத்தில் சைபினுக்குப் போன் போட்டேன். ஒட்டுச்சோற்றை உருட்டி, சுட்ட மிளகாய்த் துவையலில் தொட்ட உருண்டை கையிலேயே இருந்தது. அந்தப் பக்கம் குழந்தை கத்தியது.

"எப்ப வர்றே?"

"எங்கடி வர்றது? மக திரும்ப ஃபேக்டரிக்குப் போறா. புள்ளைய யார் பாக்கறது? அங்க எப்படி, இன்தோன் இன்னும் உளறிக்கிட்டுத்தான் திரியறானா?"

"உன் பிரஷ் இங்கேயே இருக்கு."

"எந்தப் பிரஷ்?"

"உன்னோடது. டப்பாவில."

"அட, அதுவா! இங்க நான் எந்தச் சேவலுக்கு அதை வெச்சுப் பூசறது? தூக்கிப் போடு. இரு இரு, புள்ள வாந்தி எடுக்குது, அப்புறம் கூப்பிடறேன்."

கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை வந்தவள் பெயர் கம்லா. ஃபாயாவோ ஊர்ப்பக்கத்துக்காரி, வாட்டசாட்டமானவள். சைபினின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து மேசையைத் துழாவினாள்.

"அக்கா, என் பிரஷ் பஸ்ஸிலேயே போயிருச்சு. இது யாரோடது?"

"யாரோடதும் இல்ல."

"மயிர் ஒருபக்கமா சாஞ்சிருக்கே. வெட்டிக்கட்டுமா?"

கத்தரியை எடுத்துக் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நுனியை நறுக் நறுக்கென்று வெட்டி ஊதினாள். மயிர்த்துண்டுகள் என் பக்கம் வந்து விழுந்தன. புறங்கையால் தள்ளிவிட்டேன்.

முதல் கிண்ணத்தை அவள் மரியாதையாகத் திருப்பி, சேவல் எனக்கு நேராக நிற்கும்படி நீட்டினாள்.

"இப்படித்தானே அக்கா?"

நான் வாங்கித் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு வாலைப் போட்டேன்.