மாற்றாமல் விட்ட பீப்பாய்

துணியின் முனையைக் கிண்ணத்தில் தோய்த்து ஓர்சோலா அப்பாவின் உதட்டில் வைத்தாள். இந்த வருடத்து வைன். ஜனவரியில் மிதித்தது, இப்போது ஏப்ரல் பிறந்துவிட்டது. மூன்று நாளாகத் தண்ணீர்கூட இறங்காத அப்பா ஜெலிந்தோ இதை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள், கிழவர் விடவில்லை.

சப்பினார். நெற்றி சுருங்கியது.

"கசக்குது."

"காய்ச்சல் கண்ட வாய்தானேப்பா. எதக் குடுத்தாலும் கசக்கத்தான் செய்யும்."

"பீப்பாய மாத்துனியா?"

"ரெண்டு தடவ மாத்திட்டேன்பா."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு தடவைகூட மாற்றவில்லை.

இத்தாலியின் வால்போலிசெல்லா மலைச்சரிவில் அப்போதெல்லாம் நல்ல வைன் என்றால் இனிக்க வேண்டும். அறுத்த திராட்சையைப் பட்டுப்புழு வளர்க்கும் நாணல் தட்டிகளில் பரப்பி, பரணில் மூன்று மாதம் போட்டுவைப்பார்கள். மூடுபனி வந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும், வெயில் வந்தால் திறக்க வேண்டும், அழுகியதைத் தினமும் பொறுக்கி எறிய வேண்டும். சுருங்கிப்போன பழத்தை மிதித்தால் சாறு பாகு மாதிரி இறங்கும். அது நுரைத்துப் பொங்கிக்கொண்டிருக்கும்போதே, இனிப்பு மிச்சமிருக்கும்போதே, உறைபனி விழுந்த ஒரு காலையில் கசடை விட்டுப் பிரித்து வேறு பீப்பாய்க்கு மாற்றிவிட வேண்டும். குளிரில் பொங்குவது அடங்கிவிடும். நாளைத் தவறவிட்டால் அது இருக்கிற இனிப்பையெல்லாம் தின்றுவிட்டுக் கசந்துபோகும். அப்படிப்பட்ட வைனை 'ஓடிப்போச்சு' என்பார்கள், வீட்டை விட்டு ஓடிய பெண்ணைச் சொல்லும் அதே குரலில்.

எந்த நாள் என்பது நாக்குக்குத்தான் தெரியும். அப்பா படுத்த பிறகு அந்த வீட்டில் அப்படிப்பட்ட நாக்கு ஓர்சோலாவுக்கு மட்டுமே இருந்தது. வயது முப்பத்தாறு. வெரோனாவில் சட்டை தைக்கும் ஆலையில் அவளுடைய தோழி எல்டா ஓர் இடம் பிடித்துவைத்து, ஈஸ்டருக்குள் வா என்று எழுதியிருந்தாள். அண்ணன் அத்திலியோவிடம் கேட்டதற்கு அவன் சிரித்தான்.

"தாராளமா போ. உன் நாக்க மட்டும் கழட்டி வச்சிட்டுப் போ."

அன்றே அவள் முடிவெடுத்தாள். ஒரு வருடம் வைன் கெட்டால் போதும், அப்புறம் இந்த நாக்கு யாருக்கு வேண்டும்? பிப்ரவரியில் இரண்டு தடவை நல்ல உறைபனி விழுந்தது. இரண்டு நாள் காலையிலும் அவள் நிலவறைப் படியில் உட்கார்ந்து, உள்ளே பீப்பாய் முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் செய்யாமல் மேலே வந்து அப்பாவுக்குக் கஞ்சி வைத்தாள். பாவம் செய்கிறோம் என்று தெரிந்தே செய்தாள்.

நண்பகல் மணி அடிப்பதற்குள் ஜெலிந்தோ போய்விட்டார். அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தபடியே போனார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்க இனி ஆளில்லை.

மறுநாள் அடக்கம். கல்லறையிலிருந்து திரும்பியதும் பெட்டி தூக்கியவர்களுக்கு இறந்தவரின் கடைசி வைனை ஊற்றுவது வழக்கம். அத்திலியோ ருசி பார்க்காமலே ஜாடி நிறையப் பிடித்துவந்து ஊற்றினான். பக்கத்துத் தோட்டத்து பிராந்தோ ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஜெலிந்தோ போறப்ப சர்க்கரையயும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாருப்பா."

இரண்டு பேர் சிரித்தார்கள். அத்திலியோ குடித்துப் பார்த்தான், தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"மாத்தலையா நீ?"

"இல்ல."

"மறந்துட்டியா?"

"மறக்கல. வேணும்னுதான் விட்டேன்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. ஓர்சோலாவுக்கு இரண்டு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது. கட்டிலுக்கடியில் பை தயாராக இருந்தது. மூன்று மணிக்கு வெரோனா பேருந்து. வெளியே போடி என்று அவன் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவன் வாயைத் திறந்தும்விட்டான்.

"கொஞ்சம் இரு" என்றார் தொமேசானி. இருபது வருடமாக அப்பாவிடம் வைன் வாங்கும் வெரோனா வியாபாரி. கண்ணாடிக் குவளையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார், ஒரு துண்டு இறைச்சியைக் கடித்தார், மறுபடி குடித்தார். செர்ரி வற்றல் மாதிரி தொடங்குகிறது, நடுவில் புகையிலை, கடைசியில் வாதுமைக் கசப்பு, அது நாக்கை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"இனிப்புக் குடிக்கிற கிழவனுங்க எல்லாம் செத்துக்கிட்டிருக்காங்க" என்றவர், எந்த வீட்டில் இருக்கிறோம் என்பது உறைத்துத் தொண்டையைச் செருமினார். "மன்னிச்சுக்கங்க. ஆனா டவுன்ல இப்ப இததான் தேடுறாங்க. மொத்தமும் எனக்கு. அடுத்த வருஷமும் இதே மாதிரி வேணும்."

அத்திலியோவின் கோபம் போன இடம் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்காத தங்கையைப் பார்ப்பவன் போல அவளைப் பார்த்தான். எழுந்துபோய் அப்பாவின் நாற்காலியை இழுத்து மேசையின் தலைப்பக்கம் போட்டான்.

"உக்காரும்மா. எத்தன நாள் விடணும், எப்படி விடணும்னு உனக்குத்தானே தெரியும்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் உட்கார்ந்தாள். அவன் நிலவறைச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, குவளையை நிரப்பினான்.

குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

கீழே சாலை வளைவில் மூன்று மணிப் பேருந்து ஹார்ன் அடித்தது. ஓர்சோலா இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இன்னொரு வாய் குடித்தாள்.