காலி டப்பாவின் பார்வை

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சொல்பவனின் இரண்டு கண்கள்மீதும் சத்தியம். எல்லாமே அந்தக் கண்களால் நேரில் பார்த்தவை.

எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவான் என்பதால் அவனுக்குக் கொசு என்று பெயர். தொழில், வீடுகளில் கேமரா மாட்டுவது. பாஸ்வேர்டையும் அவனே போட்டுக் கொடுப்பான். வாங்கியவர்கள் யாரும் அதை மாற்றுவதில்லை. பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரிதான். அப்படித்தான் எதிர்த் தெருத் தையல்காரி அக்காவின் வீட்டுக்குள், தன் நாற்காலியை விட்டு எழாமலே புகுந்தான். பார்த்தவன் வாயை மூடிக்கொண்டாவது இருந்தானா? "அக்கா, நூல் அறுந்துடுச்சு பாருங்க" என்று கேமரா வழியாகவே குரல் கொடுத்தான். வீட்டில் தனியாக இருந்த அக்கா ஊசியை விரலிலேயே ஏற்றிக்கொண்டாள்.

வழக்கு வந்தது.

"ஒரு குண்டூசிகூடத் திருடலையே அம்மா" என்றார் கொசுவின் வக்கீல்.

"பத்து வருஷம் உள்ளே தள்ளுங்க" என்றார் அரசு வக்கீல்.

நீதிபதி அம்மா இருவரையும் விட்டுவிட்டு, என்ன தண்டனை கொடுக்கலாம் என்று அக்காவைக் கேட்டார்.

"அளவெடுக்காம வெட்டுறது எனக்குப் பிடிக்காதும்மா. முன்னெல்லாம் மெஷினை மிதிச்சுக்கிட்டே பாடுவேன். இப்ப என் வீட்டுலேயே நான் திருடி மாதிரி நடக்குறேன். எப்பத் தீரும்னு எனக்கே தெரியலை."

"அப்ப அதுதான் அளவு" என்றார் நீதிபதி. "இவன் வீட்டுச் சுவர்லயும் ஒரு கேமரா இருக்கட்டும். நீங்க திரும்பப் பாடுற வரைக்கும் இவன் வாசப்படி தாண்டக் கூடாது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கொசு உள்ளுக்குள் சிரித்தான். கேமராவை மாட்டினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து முதலில் தலை சீவினான், சலாம் போட்டான். போகப்போகச் சட்டை மாற்றும்போதுகூட அதற்கு முதுகைக் காட்டினான். சாப்பிடும்போது சத்தம் வராமல் மென்றான்.

ஒரு மத்தியானம் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "அண்ணே, பால் பொங்குது பாருங்க."

திரும்பினான். பால் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. குரல் அவனுடையது. அக்காவைக் கூப்பிட்ட அன்று அவனுக்கு ஜலதோஷம். அதே அடைத்த மூக்கோடு இருந்தது குரல்.

கோர்ட்டுக்குப் போன் போட்டு அலறினான். வந்த மெக்கானிக் ஏணியில் ஏறி, கேமராவைத் திறந்து பார்த்துவிட்டு இளித்தான்.

"வெளியே சொல்லாதீங்கண்ணே. கேமரா வாங்க இன்னும் உத்தரவு வரலை. சும்மா காலி டப்பாவை மாட்டிட்டுப் போயிருக்காங்க."

உள்ளே ஒரு சிலந்திக்கூடு, அவ்வளவுதான். ஒயர் கிடையாது, ஒன்றும் கிடையாது. மெக்கானிக்கின் உள்ளங்கையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப இது எப்படிடா எரியுது?"

"ஸ்க்ரூவைத் தொலைச்சுடாதீங்க தம்பி" என்றது டப்பா.

டப்பாவை ஆணியிலேயே மாட்டிவிட்டு ஓடிய மெக்கானிக், ஏணியை எடுக்க இன்றுவரை வரவில்லை.

கொசுவைக் கோர்ட்டுக்குக் கூட்டிவந்தார்கள். காலி டப்பா பேசியதையெல்லாம் சொன்னான். "என்னை ஜெயில்லயே போட்டுடுங்கம்மா!" என்று கும்பிட்டான்.

நீதிபதி அக்காவைப் பார்த்தார்.

"காலி டப்பான்னு தெரிஞ்சும் பயமா இருக்கா தம்பி?" என்று கேட்டாள் அக்கா.

"இருக்குக்கா."

"என் வீட்டுக் கேமராவைப் பிடுங்கிக் குப்பையில போட்டப்புறமும் எனக்கு இருந்துச்சு." அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்டினாள். "அளவு சரியா இருக்கும்மா. இதுக்கு மேல வெட்டுனா துணிதான் வீணாகும்."

அன்று சாயங்காலம் எதிர்த் தெருவிலிருந்து தையல் மெஷின் சத்தம் கேட்டது. கூடவே, சுருதி கொஞ்சம் விலகின ஒரு பாட்டும் வந்தது. கொசுவின் சுவரில் விளக்கு அணைந்தது. போலீஸ்காரர் டப்பாவைக் கழற்றிக்கொண்டு போனார்.

வெறும் ஆணியை அண்ணாந்து பார்த்து, "போயிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டான் கொசு.

"இல்லண்ணே" என்றது சுவர். "கதவு திறந்துதான் இருக்கு. நீங்க போயிட்டு வாங்க."

இதைச் சொல்பவனுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது.