திரையில்லாத ஜன்னல்

செருப்புப் பெட்டி அளவுதான் அந்தச் செயற்கைக்கோள். உள்ளே ஒரு பளிங்குப் படிகம். வானத்திலிருந்து காமா கதிர் வந்து மோதினால் அதில் மினுக்கென்று ஒரு பொறி பறக்கும். அந்தப் பொறிகளை எண்ணும் கருவியைக் கட்டியவள் அவள். பெட்டியைச் செய்து திருகாணி போட்டு மூடியவன் அவள் கணவன். மாலை நான்கு மணிக்கு ராக்கெட் நிறுவனத்து வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

காலை ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடத்தில் கடைசிச் சோதனை. நொடிக்கு நாற்பது காட்ட வேண்டிய எண்ணிக்கை தொள்ளாயிரத்தில் நின்றது. மேசையில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டாள். எண் மளமளவென்று நாற்பதுக்கு இறங்கியது.

"ஜன்னல் திரை எங்கங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

"ஒரே தூசி. துவைக்கப் போட்டேன். ஏன், தலை வலிக்குதா?"

மூன்று மாதமாக அவளுக்கு ஒற்றைத் தலைவலி, வெளிச்சம் ஆகாது. அவள் சோதனைக்கு உட்கார்ந்தால் போதும், கேட்காமலே எழுந்து திரையை இழுத்துவிடுவான். அத்தனை சோதனையும் இருட்டிலேயே நடந்ததால், பெட்டிக்குள் வெளிச்சம் கசிவது யார் கண்ணிலும் படவில்லை. மேலே போனால் சூரியன் சும்மா விடுமா? வெளிச்சத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும் கருவி.

தலைமைப் பொறியாளர் கையைப் பிசைந்தார். பிரித்து ஏதாவது உடைந்துவிட்டால் என்ன செய்வது, இந்த ராக்கெட்டை விட்டால் இன்னும் இரண்டு வருஷம், அப்படியே கொடுத்துவிடலாம் என்றார்.

"வெயில் அடிக்குதான்னு பார்க்க செயற்கைக்கோள் எதுக்கு சார்? ஓட்டையை அடைச்சா, பசை காய அஞ்சு மணி நேரம். இப்பவே ஆரம்பிச்சா முடிச்சிடலாம்," என்றாள்.

கணவன் முகம் தொங்கிப்போயிருந்தது. "நான் செஞ்ச உபகாரம்தான் வினையாப் போச்சு."

"அழுகையைச் சாயங்காலம் வெச்சுக்கலாம். எட்டுத் திருகாணியையும் கழட்டுங்க."

கழற்றினான். பளிங்கின் உறையிலிருந்து கம்பி வெளியே வரும் துளையில், முடி நுழையும் அளவு இடைவெளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு கறுப்புப் பசையை வைத்து அடைத்தாள். பிறகு காத்திருப்பு. கண் கூசும் வெளிச்சத்தில் தலை விண் விண்ணென்று தெறித்தது. வீட்டுக்குப் போய்ப் படு என்றான், காதிலேயே வாங்கவில்லை.

மூன்று மணிக்குப் பெட்டியை மூடி ஜன்னலோரம் வைத்தார்கள். அதன் மேல் முழு வெயில். எண்ணிக்கை நாற்பத்தொன்று. முப்பத்தொன்பது. நாற்பது. பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பழக்கதோஷத்தில் கணவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். திரை மாட்டும் வெறும் கம்பிதான் இருந்தது. திரும்பி வந்து, அவள் முகத்தில் வெயில் படாதபடி குறுக்கே நின்றுகொண்டான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள், எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெட்டி மேல நிழல் விழுது."