இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டாதவர்கள்

“மேடம், உங்க வீட்டுக்கு வந்து தங்கின ஆளுங்கள்ல ஒருத்தராவது ரெண்டாம் அத்தியாயத்தைத் தாண்டியிருக்காங்களா? பக்கத்து வீட்டுல ரெஜினா மேடத்தோட ஆள் மூணு வருஷமா பிடிபடாம மொட்டை மாடியில செம்பருத்தி வளர்க்கிறார். நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன்?”

தாமோதரன் இதை வார்த்தை மாறாமல் மறுபடி சொன்னபோது நான் தோசைக் கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

“பள்ளிக்கூட மணியைத் திருடினீங்களே, அந்தப் பாவம்,” என்றேன்.

“அது நீங்க எழுதினது.”

“எழுதினா? மாட்டேன்னு சொல்றதுக்கு வாய் இல்லையா?”

அவர் தட்டை நகர்த்திவைத்தார். இரண்டு தோசைக்குப் பிறகுதான் நகர்த்தினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் சிறுவர்களுக்கு மர்மக் கதை எழுதுகிறவர்கள் வீட்டுக்கு அந்தக் கதையின் குற்றவாளி வந்து தங்குவார். முதல் அத்தியாயம் அச்சாகி வந்ததும் பெட்டியோடு வருவார். பிள்ளைகள் கண்டுபிடித்ததும் போவார். அதுவரை அவருக்குச் சோறு போடுவதும் துணி துவைத்துக் கொடுப்பதும் எழுதியவர் பொறுப்பு. கண்டுபிடித்துவிட்டால் பிள்ளைகள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வந்து அழைத்துப்போவார்கள். எந்த ஊருக்கு என்று கேட்கும் வழக்கமில்லை. கதையும் அத்தோடு நின்றுவிடும்.

என் கதைகள் எல்லாம் இரண்டாம் அத்தியாயத்தில் நின்றவை. வந்தவர்களில் ஒருவர்கூடத் தலைகாணி உறையை அழுக்காக்கும் அளவுக்குத் தங்கியதில்லை. தாமோதரன் ஓவிய வாத்தியார். முதல் அத்தியாயத்தின் ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து வீடு ரெஜினாவுடையது. ரெஜினாவும் நானும் ஒரே கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவளுக்குக் கட்டுரைப் பரிசு, எனக்குக் கையெழுத்துப் பரிசு. கையெழுத்தை எந்தப் பத்திரிகையும் தொடராகப் போடுவதில்லை. அவள் தொடர் எந்தச் சிறுவர் பத்திரிகையில் வருகிறதோ அதே பத்திரிகையில்தான் என்னுடையதும் வருகிறது. அவளுடையது வண்ணப் பக்கம். மாலையானால் பிள்ளைகள் பூதக்கண்ணாடியோடு அவள் வீட்டில் சோபாவுக்கு அடியில் தவழ்வார்கள், செம்பருத்திச் செடிகளை மோந்து பார்ப்பார்கள், குற்றவாளியிடமே வழி கேட்பார்கள். அவர் பொறுமையாகக் கை காட்டுவார். அவள் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுப்பாள். அந்தச் சிரிப்பும் கரண்டிச் சத்தமும் என் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் வரும். நான் ஜன்னலைச் சாத்துவேன். அப்புறம் ஒரு விரற்கடை திறந்துவைப்பேன்.

என் வீட்டுக்காரர் சேஷாத்ரி குளியலறையில் பத்திரிகை படிக்கிறவர். போன மாதம் உள்ளேயிருந்து “அடடா!” என்று ஒரு குரல் வந்தது. என் அத்தியாயம் அந்தப் பக்கத்தில் இல்லை.

“நல்லாத்தான் எழுதறாங்க, வத்சலா. கண்ணால பார்த்தாலும் அந்த ஆள்தான்னு சொல்ல முடியலை,” என்றார் வெளியே வந்து.

“அப்போ அங்கேயே போய்க் குளிங்க,” என்றேன்.

பத்திரிகையிலிருந்து தொலைபேசியும் வந்தது. ஆசிரியர் மரியாதை தெரிந்தவர், அதனால் சுற்றி வளைத்தார். தாமோதரனும் இரண்டாம் அத்தியாயத்தில் பிடிபட்டால் என் பக்கத்தைக் குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கொடுத்துவிடப் போகிறார்களாம். வாசகர்களுக்குக் கட்டங்கள் பிடிக்கிறதாம்.

ஆக இந்த ஆள் ஒருவரை இரண்டாம் அத்தியாயம் தாண்டிக் காப்பாற்றியாக வேண்டும். இல்லையென்றால் ரெஜினா எழுத்தாளர், நான் அவளுடைய பக்கத்து வீடு.

பிள்ளைகளின் தலைவி தர்ஷினி, எட்டாம் வகுப்பு. அவளை லிஃப்ட் வாசலில் நிறுத்தினேன்.

“ஏண்டி, என் ஆளை மட்டும் எப்படி உடனே கண்டுபிடிச்சுடறீங்க?”

“அது ஈஸி ஆன்ட்டி. நீங்க யாரைத் திட்டறீங்களோ அவர்தான்.”

“நான் எங்கேடி திட்டினேன்?”

“‘அழுக்குக் காலர்’னு போடறீங்க. ‘சோம்பேறி’ன்னு போடறீங்க. போன கதையில ஒருத்தர் மூக்கு உறிஞ்சறதுக்கே ஒரு பாரா. தப்பு பண்ணினவரைப் பார்த்தா உங்களால சும்மா இருக்க முடியலை ஆன்ட்டி. ரெஜினா ஆன்ட்டி எல்லாரையும் நல்லவங்கன்னு எழுதுவாங்க. அதனால எல்லார் மேலயும் டவுட்டா இருக்கும்.”

லிஃப்ட் வந்தது. எனக்குத் தெரியாததைச் சொல்லிவிட்டதுபோல ஏறிப் போனாள்.

அன்று மதியமே இரண்டாம் அத்தியாயம் எழுத உட்கார்ந்தேன். தாமோதரன் எதிரில் பீன்ஸ் நறுக்கியபடி எழுத எழுதப் படித்தார்.

“மேடம், இங்கே ‘பல் விளக்காத வாத்தியார்’னு வந்திருக்கே.”

“விளக்கினீங்களா?”

“இன்னும் இல்லை.”

“பின்னே?”

“உண்மைதான். எழுதாம இருக்கலாமேன்னு பார்த்தேன்.”

அந்த வரியை அடித்தேன். ‘முத்துப் பல் வரிசை’ என்று எழுதினேன். விரல் மரத்துப்போனது. ‘அன்பே உருவானவர்’ என்று எழுதினேன், நெஞ்சு எரிந்தது. உப்புச்சப்பில்லாத இரண்டு பக்கம் வந்தது. திட்டு உள்ளேயே தங்கினால் எனக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. அதனால் கதையில் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்தேன். ரொசாலின் என்று பெயர் வைத்தேன். பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவள், கேக் சுடுகிறவள்.

யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. மெல்லிய வாயல் புடவை, எப்போதும் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்கும் பழக்கம், யார் எதைச் சொன்னாலும் “அப்படியா கண்ணு?” என்பது, பரிசு வாங்கும்போது வேண்டுமென்றே தடுமாறி நடப்பது, எல்லாம் தானாக வந்தன. அவளுடைய சிரிப்புக்கு ஒரு பக்கம் ஆனது. கேக்கின் நடுப்பகுதி சரியாக வேகாததை விளக்கமாக எழுதினேன். பேனா ஓடியது. எழுத்து இவ்வளவு சுகமான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தாமோதரன் பீன்ஸை விட்டுவிட்டுப் படித்தார்.

“மேடம், இந்தம்மாதான் மணியை எடுத்திருப்பாங்க,” என்றார்.

“நீங்கதான் எடுத்தீங்க.”

“ஆமாம். இருந்தாலும்.”

பத்திரிகை வந்த நாள் மாலை தகர டப்பாச் சத்தம் மாடிப்படியில் ஏறி வந்தது. தாமோதரன் முன்னெச்சரிக்கையாகப் பெட்டியை எடுத்துக்கொண்டு நின்றார். நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன். பிள்ளைகள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். தர்ஷினி பக்கத்து வீட்டு மணியை அடித்தாள்.

“ரெஜினா ஆன்ட்டி, கண்டுபிடிச்சுட்டோம். கிளம்புங்க.”

ரெஜினா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். செருப்பை மாட்டினாள். பிள்ளைகள் பிடித்தால் பிடித்ததுதான், அதில் மறுபேச்சு இல்லை. மாடியிலிருந்து அவளுடைய குற்றவாளி பூவாளியோடு இறங்கி வந்து வழிவிட்டு நின்றார்.

என்னைப் பார்த்து அவள் தலையை ஒருபக்கம் சாய்த்தாள்.

“வத்சு, ரொம்ப நல்லா எழுதியிருக்கே. படிக்கும்போது எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு.”

கட்டுரைப் பரிசு வாங்கியவள் அல்லவா, போகும்போதும் ஒரு நல்ல வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் போவாள். என் ஆட்களைப் பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுத்துப்போவார்கள். இவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள். ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் நான்கு பேர். கை கிடைக்காத ஒரு வாண்டு முந்தானையைப் பிடித்துக்கொண்டது. கீழ்வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கேட்டைத் தாண்டும்போது அவர்களில் யாரோ பாட ஆரம்பித்தார்கள். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது.

ஆசிரியர் மறுநாளே கூப்பிட்டார். தாமோதரன் பிடிபடவில்லை, அதனால் வண்ணப் பக்கம் இனி எனக்குத்தானாம். எத்தனை அத்தியாயம் வேண்டுமானாலும் எழுதலாமாம். மூன்றாம் அத்தியாயம் எழுதினேன். நான்காவதும் எழுதினேன். பிடிபடாமல் இருப்பவருக்குத் தோதாகத் தாமோதரனுக்கு இரண்டு தொட்டியும் ஒரு துளசிச் செடியும் வாங்கிக் கொடுத்தேன்.

மாலையானால் கதவைத் திறந்துவைத்தேன். சோபாவைச் சுவரிலிருந்து தள்ளிப்போட்டேன், அடியில் தவழ இடம் இருக்கட்டும் என்று. கேக் சுட்டேன். நடுப்பகுதி சரியாக வெந்திருந்தது. யாரும் வரவில்லை. ரெஜினாவை அழைத்துப்போன பிள்ளைகள் திரும்பவில்லை. அவர்களைப் பெற்றவர்கள் சீருடைகளைத் துவைத்து மடித்துவைத்தார்கள். தேடுகிறவர்கள் இல்லாத வீட்டில் தாமோதரன் கூடத்து நடுவில் மணியை மடியில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் உட்கார்ந்திருந்தார்.

“மேடம், ஒரு பேச்சுக்காவது யாராவது சந்தேகப்பட்டா நல்லா இருக்கும்,” என்றார்.

“எனக்கு உங்க மேல சந்தேகமாத்தான் இருக்கு.”

“நீங்க சொல்றது ஆறுதலுக்கு மேடம்.”

சேஷாத்ரி குளியலறையில் என் வண்ணப் பக்கத்தைப் படித்தார். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது. வெளியே வந்து தலையைத் துவட்டினார்.

“வத்சலா, ரெஜினா கதையோட முடிவு என்னன்னு உங்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்காங்களா?”

துண்டைப் பிடுங்கிக் கொடியில் போட்டேன்.

அதற்கடுத்த காலையில் ரெஜினாவின் தொடரில் திருடுபோயிருந்த ரயில் நிலையம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எழுதியவர் ஊரில் இல்லாவிட்டால் திருட்டுப் பொருளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைப்பது முறை. அவளுடைய குற்றவாளி பின்பக்கத்தையும் தாமோதரன் முன்பக்கத்தையும் பிடித்துப் படியில் சாய்த்துச் சாய்த்து ஏற்றினார்கள். பிளாட்பாரம் கூடத்தில் குறுக்காக அடங்கியது. கைகாட்டி மரத்துக்காக மின்விசிறியைக் கழற்ற வேண்டியிருந்தது. பயணிகள் காலணியை வாசலில் விட்டுவிட்டு வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். சேஷாத்ரி காபியை எடுத்துக்கொண்டு காத்திருப்போர் அறைக்குப் போனார்.

நான் புடவை மாற்றிக்கொண்டேன். கைப்பையில் ஒரு சீப்பும் பேனாவும் வைத்துக்கொண்டு, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த டிக்கெட் ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்தவர் ரெஜினாவின் கடைசி அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தார். விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். நான் கண்ணாடியைத் தட்டினேன். எனக்குப் பின்னால் வண்டி ஒன்று சமையலறைப் பக்கமிருந்து மெதுவாக உள்ளே வந்து நின்றது.

“ரெஜினாவைக் கூட்டிட்டுப் போன ஊருக்கு ஒரு டிக்கெட் கொடுங்க,” என்றேன்.

அவர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார்.

“சார், உங்களைத்தான். ஒரு டிக்கெட். ஜன்னலோரம் இருந்தா நல்லது.”