ஜூலை மாதக் கலவை

1.

இது கதையாகப் பிறக்கவில்லை. மைசூரில் மாதாமாதம் வானிலை எப்படி இருந்தது, கொரோனாத் தொற்று எப்படி ஏறி இறங்கியது என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். அக்டோபர்: தசரா, தூறல், தொற்று அதிகம். ஜனவரி: காலைப் பனி, தொற்று குறைவு. மார்ச்: வெயில், ஊரார் முகக்கவசம் தாடைக்கு இறங்கியது. எழுதிக்கொண்டே போனதில் எனக்கே கொட்டாவி வந்தது. மழையும் காய்ச்சலும் யார் மேலாவது விழுந்தால்தானே சேதி? அதனால் சுப்பையாவைக் கூப்பிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: "சுப்பையாவின் மூக்கு, அக்டோபர் மாத நிலவரப்படி—"

வேண்டாம், அறிக்கை மாதிரி இருக்கிறது. இரண்டாவது: "வாசனை என்பது நினைவின்—"

ஐயோ, இது அதைவிட மோசம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

சுப்பையா, அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஊதுபத்திக் கம்பெனியில் வாசனைக் கலவை பார்ப்பவர். சொந்த ஊர், தமிழ் பேசுகிற எல்லையோரக் கிராமமான கௌதள்ளி. ஈரக்காற்றில் வாசனை கனத்து நிற்கும், வெயிலில் பறந்துவிடும் என்பதால் கலவையின் அளவு மாதத்துக்கு மாதம் மாறும். அதைச் சொல்ல மூக்கு வேண்டும். முதல் அலையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலாளி மல்லப்பனுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் மனைவி கனகாவிடம் மட்டும் சொன்னார்.

கனகா அதே கம்பெனியில் பத்தி உலர்த்துகிறாள். "நான் மோந்து பாத்துச் சொல்றனுங்க. நீங்க என்னைய மட்டும் பாருங்க," என்றாள்.

3.

கலவை தூக்கலாக இருந்தால் கனகா இருமுவது என்று ஏற்பாடு. ஊரே இருமலுக்கு நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில், இந்த இரண்டு புத்திசாலிகளும் தேடிப் பிடித்த சாடை இருமல்! முதல் இருமலுக்கே கம்பெனிப் பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். மல்லப்பன் வாயைப் பொத்திக்கொண்டு, "மனெகெ ஹோகம்மா!" என்று கன்னடத்தில் அவளை வீட்டுக்கு விரட்டினார். அதன் பிறகுதான் முந்தானைக்கு மாறினார்கள். சரியாக இருந்தால் இடுப்பில் செருகுவாள், இல்லையென்றால் தொங்கவிடுவாள்.

(பத்தி உலர்த்துகிறவளுக்குக் கலவை மேசையருகே என்ன வேலை என்று கேட்பீர்கள். தட்டு எடுக்க வருகிறாள். எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகையாவது கொடுங்கள்.)

பனிக்காலமும் வெயில்காலமும் இப்படியே ஓடின. மே மாதம் இரண்டாம் அலை வந்து கம்பெனியைப் பூட்டினார்கள். கனகா காய்ச்சலில் விழுந்து, பிழைத்து எழுந்தாள். ஒரு நாள் தாளிக்கும்போது பூண்டு கருகியது அவளுக்குத் தெரியவில்லை. புகையைப் பார்த்துத்தான் அடுப்பை அணைத்தாள். அன்று அவள் மிகவும் பயந்துபோனாள். வீட்டில் மிச்சமிருந்த ஒரே மூக்கும் போய்விட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

4.

ஜூலை. விடாத தூறல். கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். தசராவுக்கான புதுக் கலவை மேசைக்கு வந்தது. ஊரடங்கில் கடைகளிலிருந்து சரக்கு திரும்பி வந்ததுபோல் இதுவும் திரும்பி வந்தால் கம்பெனியை மூடிவிடுவேன் என்று மல்லப்பன் காலையிலேயே சொல்லியிருந்தார்.

"ஹேகிதே சுப்பையா? நல்லா இருக்கா?"

சுப்பையா முகர்வதுபோல் குனிந்து, கனகாவைப் பார்த்தார். அவள் முந்தானையை

(இந்த வாக்கியத்தை முடிக்காமல் பல நாள் போட்டு வைத்திருந்தேன். தொங்கவிடம்மா என்று கெஞ்சியும் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.)

இடுப்பில் செருகினாள்.

"சரியா இருக்குங்க," என்றார் சுப்பையா.

சாயங்காலம் ஒரே குடையில் வீட்டுக்கு நடக்கும்போது கனகா சொன்னாள். "ஏனுங்க, எனக்கும் வாசம் தெரியறதில்லீங்க. காய்ச்சல் வந்ததுல இருந்தே."

அவர் நின்றுவிட்டார். "அப்புறம் எதுக்குப் புள்ள செருகுன?"

"நீங்க என் மூஞ்சியவே நம்பிப் பாத்துட்டு நின்னீங்க. எப்படிங்க இல்லீன்னு சொல்றது?"

இந்த இடத்தில் அவருக்குக் கோபம் வரவேண்டும். வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. குடையை அவள் பக்கம் சாய்த்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் உண்டாக்கிய ஆட்கள்தான். ஆனாலும் நான் சொன்னதைக் கேட்பதில்லை.

5.

முடிவுக்கு வருவோம். ஒன்று: சுப்பையாவுக்கு ஜூனிலேயே வாசனை திரும்பிவிட்டது, அவளைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்ததால்தான் சொல்லவில்லை. ரொம்பத் தித்திப்பு, அடித்துவிட்டேன். இரண்டு: மறுநாள் மல்லப்பனிடம் உண்மையைச் சொல்ல, அவர் இருவரையும்—

இதை எழுத மனம் வரவில்லை. நான் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பத்தி காய்ந்து, பாக்கெட்டில் அடைபட்டு, கடைக்குப் போய்விட்டது. அது எப்படி மணக்கிறது என்று எனக்குத் தெரியாது. எழுத்துக்கு அந்தத் திறமை இல்லை.

நீங்கள் வாங்கி வைத்திருப்பது அந்தப் பாக்கெட்டாகவும் இருக்கலாம். ஒன்றை ஏற்றிப் பாருங்கள். முகம் சுளிப்பதானால் கொஞ்சம் பொறுத்துச் சுளியுங்கள். அவர்கள் இரண்டு பேரும் இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.