பங்குக்காரனின் மாத்திரை

டமாரிஸ் புருஷனின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நகங்களுக்கு அடியில் ஏறியிருந்த எருமைக் கொழுப்பை மூங்கில் சிம்பால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மத்தியானம் பக்கத்து ஊர்ச் சாவுச் சடங்கில் சம்பே பரண்மேல் நின்று கறி பங்கு போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வீட்டுக்காரர் பெயராகக் கூவி, துண்டைக் கீழே எறிவது அவன் வேலை. அப்படி ஒரு பெயரைக் கூவ ஆரம்பித்தவன் பாதியிலேயே நின்றுவிட்டான். பெயருக்கு உரியவர் மீதிப் பெயரும் கறியும் வரும் என்று கையை நீட்டியபடி நின்றார். சம்பேதான் வந்தான், பரணோடு சரிந்து. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சாயங்காலத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது.

ஆனால் தொராஜா மலையில் நாங்கள் யாரையும் அவ்வளவு சீக்கிரம் சாக விடுவதில்லை. சடங்கு நாளில் முதல் எருமை வெட்டுப்பட்டு விழும்வரை, மூச்சு நின்றவர் உடம்பு சரியில்லாதவர்தான். அதற்கு நாலு மாதம் ஆனாலும் சரி, நாலு வருஷம் ஆனாலும் சரி. வேளாவேளைக்குச் சோறும் காப்பியும் வைக்க வேண்டும். வெளியே போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கூரை மாற்றுவதையும் பிள்ளைகளின் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டுப் பழகியவர்கள் நாங்கள். சாவையும் தள்ளிப்போடக் கற்றுக்கொண்டோம்.

வெளியே தூண்கள்மேல் நிற்கும் நெல் களஞ்சியத்துக்குக் கீழே சம்பேயின் அண்ணன் பலிம்போங்கின் குரல் கேட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் நாலாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணு மருந்த ஒரே மாத்திரைக்குள்ள அடைச்சிருக்கானுங்க. தாங்குமா? மாட்டுக்குக் கொடுத்தாலே படுத்துரும். இவன் பொண்டாட்டி தெனமும் காலையில பக்கத்துல நின்னு முழுங்க வெச்சா."

டமாரிஸ் அடுத்த விரலுக்குப் போனாள்.

முன்பு சம்பேக்கு ரத்தக்கொதிப்புக்கு மூன்று தனித்தனி மாத்திரைகள். ஒன்றைப் போட்டால் இரண்டை மறப்பான். மழை நாளென்றால் மூன்றையும் மறப்பான். அதனால்தான் சுகாதார நிலையத்து டாக்டரம்மா மூன்றையும் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கொடுத்தாள். தினமும் காலையில் டமாரிஸ் அதை அவன் உள்ளங்கையில் வைப்பாள். அவன் தண்ணீர்க் குவளையோடு பன்றிக் கொட்டில் பக்கம் போய்விடுவான். பன்றிகளைப் பார்த்தால்தான் மருந்து இறங்குகிறது என்பான். முப்பத்திரண்டு வருஷம் அவனோடு குடித்தனம் செய்தவளுக்கு இது ஒரு விசித்திரமாகவே படவில்லை. அட்டை நாள் தவறாமல் காலியானது. அதைத் தேவாலயத்தில்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

கொழுந்தன் புலோ கதவோரம் வந்து நின்றான். ஐம்பது வயதாகியும் இந்த வீட்டில் அவன் சின்னவன்தான்.

"அண்ணி."

"காப்பி அடுப்புல இருக்கு தம்பி."

"குடிச்சிட்டேன்." போகவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். "இன்னிக்குப் பங்கு யாரு போடுவாங்க?"

"நம்ம வீட்டுல இன்னும் எருமையே வெட்டலையே. எந்தக் கறி?"

"கறி இல்ல அண்ணி. மாத்திரை."

டமாரிஸின் கையிலிருந்த சிம்பு நின்றது.

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல, ஒண்ணுக்குள்ள மூணு மருந்து இருக்குன்னு. தேவாலயத்துல எலவசமா அழுத்தம் பாத்தப்ப பெரியவரு, அண்ணன், நான், மூணு பேருக்குமே கொதிப்பு இருந்துச்சுல்ல. பெரியவரும் நானும் மருந்துக்குப் பேரு எழுதாம வந்துட்டோம். அண்ணன்தான் சொன்னாரு, மூணு மருந்து, மூணு ஆளு, தனியா திங்கறது அசிங்கம்னு. கொட்டிலுக்குப் பின்னால பலகை வெச்சு, கறி வெட்டற சின்னக் கத்தியால..."

"எப்பலேருந்து?"

"கிறிஸ்துமஸ்லேருந்து."

இப்போது ஆகஸ்டு.

"பெரியவருக்குப் பெரிய துண்டு," புலோ நியாயம் சொல்கிறவனைப் போலச் சொன்னான். "மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல. அடுத்தது எனக்கு. பங்கு போடறவன் கடைசியிலதானே எடுக்கணும்? அண்ணன் பலகையில ஒட்டியிருக்கற தூள வெரலால தொட்டு நக்கிக்குவாரு."

போன மாதம் அழுத்தம் இறங்காததைப் பார்த்து டாக்டரம்மா, "தினமும் எடுக்கறீங்களா?" என்று கேட்டாள். "ஒரு நாள்கூட விடல" என்று சம்பே சொன்னான். அது பொய்யில்லை. மூன்று பேரில் அவனுக்குத்தான் கொதிப்பு அதிகம்.

டமாரிஸ் அவன் கையை மெதுவாகப் பாய்மேல் வைத்தாள். அறைந்தால் தேவலை என்று இருந்தது. யாரை என்பதுதான் தெரியவில்லை. நோயாளியை அறைய முறையில் இடமில்லை.

"அண்ணி, அந்த மாத்திரைதான் அண்ணன இப்படிப் பண்ணிருச்சுன்னு பெரியவரு சொல்றாரே. நெசமா?"

அவன் கண்ணில் பயம் இருந்தது. இந்த வீட்டில் பெரியவர் வாயிலிருந்து வந்ததுதான் சட்டம். மாத்திரை கொல்லும் என்று அவர் இன்றைக்குச் சொல்லி முடித்துவிட்டால், புலோ இனி எந்த டாக்டர் வாசலையும் மிதிக்க மாட்டான். அவர் தாமும் மிதிக்க மாட்டார். இந்த அறையில் ஒரு பாய்க்குத்தான் இடம் இருக்கிறது, இன்னும் இரண்டை எங்கே போடுவது?

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

சுகாதார நிலையத்து ஆண் நர்ஸ் ஒபேத், உடம்பு கெடாமலிருக்க ஊசி போட வந்து சேர்ந்தபோது, பலிம்போங்கும் உறவுக்காரர்களும் அவன் பின்னாலேயே அறைக்குள் வந்தார்கள். டமாரிஸ் தட்டோடு வந்தாள். சோறு, மூங்கிலில் சுட்ட பன்றிக்கறி, ஒரு குவளைத் தண்ணீர். தட்டின் ஓரத்தில் ஒரு மாத்திரை, முழுசாக. அதை அவள் சம்பேயின் தலைமாட்டில் வைத்தாள்.

பலிம்போங்கின் முகம் சிவந்தது. "இது என்ன கூத்து?"

"ஒடம்பு சரியில்லாதவருக்கு மருந்து."

"அந்த அட்டையக் கொண்டா. பன்னிக்குப் போடறேன். இனிமே இந்த வீட்டுல ஒருத்தரும் அதத் தொடக்கூடாது."

"பன்னிக்குக் கொதிப்பு இல்ல, பெரியவரே."

ஒபேத் குனிந்து தன் பையில் எதையோ தேடினான். அதில் தேட ஒன்றும் இல்லை.

"தெனமும் நின்னு ஊட்டி ஊட்டிக் கெடுத்தது போதாதா? அவன்தான்..." பலிம்போங் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க. அவருதான் என்ன?" டமாரிஸ் நிமிர்ந்து நின்றாள். அவரைவிட ஒரு சாண் குட்டை. "சாப்பிடறவரா, சாப்பிட முடியாதவரா? சாப்பிட முடியாதவர்னு மூத்தவரு நீங்க வாயால சொல்லுங்க, இப்பவே கூட்டத்தக் கூட்டி எருமைய அவுக்கலாம். இல்ல, ஒடம்பு சரியில்லாதவர்தான்னா மருந்து வைப்பேன். மூணு வேளை சோறு வெக்கிறப்போ ஒரு வேளை மாத்திரை வெச்சா என்ன கொறஞ்சுருது?"

பலிம்போங் சடங்குக்கென்று வளர்க்கும் எருமைகளில் பாதி இன்னும் கன்றுகள் என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"மருந்துதான் கெடுத்துச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே," அவள் விடவில்லை. "கிறிஸ்துமஸ்லேருந்து அதுல பெரிய துண்டு யாரு வாயில போச்சு?"

"யாரு சொன்னா அப்படி?"

"அண்ணே, உங்களுதுதானே பெருசு," என்றான் புலோ. "ஒரு நாளு சின்னதா இருக்குன்னு சண்டகூடப் போட்டீங்களே."

கிழவர் ஒருவர் சிரித்துவிட்டு, இருமுவதுபோல் மாற்றினார். மாற்றம் சரியாக அமையாததால் இன்னும் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்தது.

டமாரிஸ் சிரிக்கவில்லை. "பெரிய துண்டு தின்னவரு நின்னுக்கிட்டு இருக்காரு. நடுத்துண்டு தின்னவன் நின்னுக்கிட்டு இருக்கான். தூள நக்குனவரு படுத்திருக்காரு. இதுல மாத்திரை மேல என்ன குத்தம்?"

பலிம்போங் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் தூணைப் பிடித்தார். "நான் கேக்கல," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அவனாத்தான் கொடுத்தான். வாங்க மாட்டேன்னு சொன்னா, பங்கை மறுக்கறியான்னு கோச்சுக்கிட்டான். பங்கை மறுத்தா என்ன மரியாதை?"

"ஒக்காருங்க, பெரியவரே," என்றான் ஒபேத், இவ்வளவு நேரம் தேடியதற்கு ஒரு பொருளைக் கண்டுபிடித்தவனாக. அழுத்தம் பார்க்கும் பட்டையை அவர் கையில் சுற்றினான். காற்று ஏறி இறங்கியது. ஒபேத் திரும்பவும் ஒரு முறை பார்த்தான்.

"இருநூத்துப் பத்து. கீழ நூத்து இருபது. இது துண்டால அடங்கற கொதிப்பு இல்ல. இப்பவே என் பைக்ல வாங்க. டாக்டரம்மா உங்க பேருல தனியா எழுதித் தருவாங்க. ஒரு ஆளுக்கு எழுதுன மருந்த இன்னொருத்தர் தொடக்கூடாது, அது அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி." பட்டையை எடுத்துப் புலோவுக்குச் சுற்றினான். "நீங்களும்தான்."

"நான் எப்படி வர்றது? வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க. மூத்தவன் எடத்த விட்டு எந்திரிச்சா..."

"நான் ஒக்காந்துக்கறேன்," என்றாள் டமாரிஸ்.

"பொம்பளையா?"

"ஏன், வர்றவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டேனா?"

பலிம்போங் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பாயருகே வந்து, முட்டி கடகடக்கக் குனிந்தார். சொல்லாமல் போவது முறையில்லை.

"தம்பி, நான் சின்னவனையும் கூட்டிக்கிட்டு ஒபேத்தோட போயிட்டு வர்றேன். மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்." கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். "இது ஒன்னுது. நீயே வெச்சுக்க. யாருக்கும் வெட்டாத."

உடம்பு சரியில்லாதவர்கள் பதில் சொல்ல நேரமாகும். அந்த நேரம் வரை எல்லோரும் பேசாமல் காத்திருந்தார்கள்.

பைக்கில் ஒபேத் முன்னால், பலிம்போங் பின்னால், நடுவில் புலோ நசுங்கிக்கொண்டு போனான். ஏற்றத்தில் வண்டி திணறியது, பிறகு சத்தம் வளைவுக்கு அப்பால் தேய்ந்தது.

டமாரிஸ் களஞ்சியத்துக்குக் கீழே போய் மூத்தவர் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வழியில் நின்ற ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவளுக்கு இரண்டு பக்கமும் தள்ளி உட்கார்ந்தார்கள்.

பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். நேற்றுப் பரணுக்குக் கீழே கை நீட்டியபடி நின்றவர். கையில் சர்க்கரைப் பொட்டலம். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நின்று, கடைசியில் அவளிடமே கேட்டார்.

"சம்பே எப்படி இருக்கார்?"

டமாரிஸ் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"இன்னிக்குத்தான் முழுசா மருந்து கொடுத்திருக்கோம்," என்றாள். "தூங்கறார்."