மோட்டாரை நிறுத்தச் சொன்ன பொம்மை

"இன்னைக்கு இது ஒன்பதாவது ரயில்வே கேட்டும்மா" என்றார் குருமூர்த்தி.

புதுச்சேரியில் மின்னணுக் கருவிகள் செய்கிற கம்பெனி அது. குருமூர்த்தி அங்கே ஆள் எடுக்கும் எஞ்சினியர். அவர் மேசைமேல் இளமதி வைத்திருந்தது, ரயில் வந்தால் தானே மூடி, போனதும் தானே திறக்கிற கேட். பி.இ. கடைசி வருஷத்தில் அவளும் கூடப் படித்த மூன்று பேரும் சென்னையில் ஒரு கடையில் வாங்கி, கல்லூரியில் காட்டி, கைதட்டலும் வாங்கிய ப்ராஜெக்ட். வெளியே பெஞ்சில் காத்திருந்த பிள்ளைகள் மடியிலும் அதே பச்சை அட்டை, அதே பொம்மை ரயில்.

"சரி, ஓட்டிக் காட்டு."

ரயிலைத் தள்ளினாள். கேட் அழகாக மூடியது. ரயில் போயிற்று. கேட் மூடியபடியே கிடந்தது.

"ஏன் தொறக்கல?"

புத்தி யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "கடையில கேட்டுச் சொல்றேன் சார்."

குருமூர்த்தி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "அப்ப அந்தக் கடைக்காரருக்கே வேலைய குடுத்துடலாமா?" என்றார். இவள் முகம் போன போக்கைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "இதோ பாரும்மா. மார்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்குது. தீபாவளிக்கு முன்னாடி மறுபடியும் ஆள் எடுப்போம். அப்ப நீயே ஒக்காந்து செஞ்சதா ஒண்ணு கொண்டா. ராக்கெட்டு வேணாம். யாராவது ஒருத்தர் வூட்ல தெனமும் ஓடுற பொருளா இருந்தா போதும்."

விருத்தாசலம் பஸ்ஸில் கேட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டு அம்மாள், "கொழந்தைக்கா? எத்தினி வயசு?" என்று கேட்டதற்கு, "இருபத்திரண்டு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் அம்மா விருத்தாம்பாள் தயாராக இருந்தாள்.

"கெடைக்கலியா? நல்லதாப் போச்சு. பெண்ணாடத்துலேருந்து ஒங்க ராஜாங்கம் மாமா வந்துட்டுப் போனாரு. ஸ்டூடியோவுக்கு ஆளு வேணுமாம். கல்யாண கேசட்டுல பொண்ணு மாப்ள தலைல பூ வுழற மாதிரி கம்ப்யூட்டர்ல பண்ணணுமாம். 'பி.இ. படிச்ச புள்ளைக்கு ஒரு பூவ வுழ வெக்கத் தெரியாதா'ங்குறாரு."

"எலக்ட்ரானிக்ஸ் படிச்சிட்டு பூ வுழ வெக்கணுமாம்மா?"

"பூவோட இதயமும் பறக்கணுமாம். தீபாவளி வரைக்கும் பாப்பேன். அப்புறம் நீ பெண்ணாடந்தான்."

அப்பா மாணிக்கவேல் இதில் தலையிடவில்லை. அவர் பீங்கான் பொம்மை செய்கிற கம்பெனி ஒன்றில் பேக்கிங் பார்ப்பவர். ஆறு மணி சங்குக்கு வீடு வந்தால், மோட்டாரைப் போடுவார், பேப்பரை விரிப்பார். அதோடு அவருக்கும் இந்த உலகத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும். மாடித் தொட்டி நிரம்பி, வழிகிற குழாய் வழியாகத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் அருவியாகக் கொட்டும்.

அன்றைக்கும் கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சம்சாத் பேகம் கூப்பிட்டாள்.

"யக்கா! காயப்போட்ட துணிய ஒங்க வூட்டுக்காரரு ரெண்டாந்தடவ அலசிக் குடுத்துட்டாரு! சோப்பும் போட்டுடச் சொல்லுங்க!"

"காதுல வுழுதா? ஊரே சிரிக்குது!" என்று விருத்தாம்பாள் கத்த, அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மழையா?" என்றார்.

இளமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தினமும் ஓட வேண்டிய பொருள் எது என்று தெரிந்துவிட்டது.

முதலில் செய்தது சுலபம். தொட்டிக்குள் மேல்மட்டத்தில் இரண்டு எஃகுக் கம்பி. தண்ணீர் இரண்டையும் தொட்டால் கீழே 'பீப் பீப்' என்று சத்தம். சத்தம் வந்தது. அப்பா பேப்பரைத் திருப்பிக்கொண்டு, "யாரோ காரு ரிவர்ஸ் எடுக்குறாங்க, பூந்தொட்டிய இடிச்சிடப் போறாங்க" என்றார்.

"அவருக்கு பீப்பு பத்தாதுடி. வாயத் தொறந்து திட்டணும்" என்றாள் அம்மா.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கொஞ்ச நேரப் பேச்சைப் பதிந்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது திருப்பிச் சொல்கிற ஐ.சி. ஒன்று அப்போது கடைகளில் வர ஆரம்பித்திருந்தது. சென்னையில் இருந்த சிநேகிதி பிரபா வாங்கி அனுப்பினாள். அதையெல்லாம் வைக்கப் பெட்டிக்கு எங்கே போவது? கம்பெனியில் ஒதுக்கிய குவியலிலிருந்து அப்பா ஒரு சிரிக்கும் புத்தர் பொம்மையைக் கொண்டுவந்தார். அந்த வருஷங்களில் பீரோமேலும் கல்லாமேலும் அந்தத் தொப்பைதான். உள்ளே கூடு, அடியில் ஓட்டை. சர்க்யூட்டும் ஸ்பீக்கரும் பாட்டரியும் அளவெடுத்தாற்போல உட்கார்ந்தன.

ஆனால் பொம்மையின் காதோரம் ஒரு மயிரிழை விரிசல். விருத்தாம்பாள் பார்த்துவிட்டாள்.

"ஒடஞ்ச பொம்ம வூட்ல ஆவாது. முழுசா ஒண்ணு கொண்டாங்க."

அப்பா முழுசாக ஒன்று கொண்டுவந்தார். விரிசல் விட்டது பரண்மேல் போயிற்று.

"சுருக்கமா பேசும்மா. 'டேங்க் நிறைஞ்சிடுச்சு, மோட்டாரை நிறுத்துங்க.' அவ்ளோதான்" என்று பதிகிற பட்டனைக் காட்டினாள் இளமதி.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. பட்டனை அமுக்கியதும் இத்தனை வருஷ சம்சாரமும் வாய்க்கு வந்துவிட்டது. "இளமதி அப்பா! டேங்கு ரொம்பி வழியுது, காதுல வுழுதா இல்லியா? படிச்சது போதும், பேப்பர கீழ வெச்சுட்டு எழுந்திரிங்க! மோட்டார நிறுத்துறீங்களா, இல்ல நான் வரட்டா?"

புருஷன் பேரை அவள் ரேஷன் கடையில்கூடச் சொன்னதில்லை. எங்கே போனாலும் 'இளமதி அப்பா'தான். பொம்மையிலும் அப்படியே ஏறிவிட்டது.

மறுநாள் மாலை புத்தர் வாய் கொள்ளாச் சிரிப்போடு கத்தினார். மாணிக்கவேல் துள்ளி எழுந்தார். எழுந்தவர் பொம்மையின் முதுகில் இருந்த சுவிட்சை நிறுத்திவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கொட்டியது.

இளமதி சுவிட்சைப் பிடுங்கி எறிந்தாள்.

அதற்கடுத்த நாள் அப்பா ஓடிப்போய் மோட்டாரையே நிறுத்தினார். பொம்மை நிறுத்தவில்லை. தொட்டி நிறைந்துதானே இருக்கிறது, கம்பி தண்ணீரில்தானே நிற்கிறது? அப்பா பொம்மை எதிரில் நின்று கெஞ்சினார்.

"நிறுத்திட்டேன். நெசமா நிறுத்திட்டேன்!"

"டேங்கு ரொம்பி வழியுது, காதுல வுழுதா இல்லியா?"

"நிறுத்துனப்புறமும் திட்டுது பாரு. அப்படியே ஒங்கம்மாதான்" என்றார் மகளிடம்.

இளமதி மாடியேறி, கம்பிகளைத் தொட்டிக்குள்ளிருந்து எடுத்து, வழிகிற குழாயின் வாயில் கட்டினாள். வழிந்தால் மட்டும் திட்டும். வழிவது நின்றால் வாயை மூடும். அதிலும் ஒரு தொல்லை வந்தது. போர்வெல் தண்ணீரின் உப்பு இரண்டு கம்பிக்கும் நடுவே வெள்ளையாகப் படிந்து, ஈரம் காயாமல், நாளெல்லாம் முணுமுணுத்தது. கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைக்க, பீங்கான் கம்பெனிகள் ஊரில் குப்பையாகக் கொட்டுகிற ஃப்யூஸ் கட்டைத் துண்டு ஒன்றை நடுவில் கொடுத்தாள். முணுமுணுப்பு நின்றது.

சம்சாத் பேகத்தின் சுவர் காய்ந்தது. அவளே வந்து நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுடி. அவரு துபாய்லேருந்து லீவுல வந்து, மோட்டாரப் போட்டுட்டு டி.வி. பாக்குறாரு. எங்க வூட்ல பொம்மயெல்லாம் வெக்க மாட்டோம், ஒரு ஜாடில வெச்சுக் குடு."

"சரி அத்த. நீங்க பேசுங்க, பதிஞ்சு தரேன்."

"நான் பேசுனா அவுருக்கு டி.வி. சத்தம் மாதிரிதான். ஒங்கம்மா கொரலே இருக்கட்டும். அதுக்குத்தான் பயப்புடறாரு."

அப்புறம் தெருவில் ஒரே கூத்து. பக்கத்து வீட்டு ஊறுகாய் ஜாடி "இளமதி அப்பா!" என்று கத்தினால், அந்தப் பக்கம் சம்சாத்தின் புருஷன் அமீனுதீன் பாய் மோட்டாருக்கு ஓடுவார், இந்தப் பக்கம் மாணிக்கவேலும் எழுந்து, ஓடாத மோட்டாரை நிறுத்தப் போவார். "ஒரே தெருவுல ரெண்டு இளமதி அப்பா ஆயிடுச்சே பாய்" என்பார் இவர். "திட்டுல பாதி எனக்கு வந்ததுல ஒங்களுக்கு லாபந்தானே" என்பார் அவர்.

தீபாவளி நெருங்கியது. இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிப் புதுச்சேரியிலிருந்து தபால் வந்தது. இளமதி பொம்மையைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் குரலைக் கம்பெனிக்கு எப்படிக் கொண்டுபோவது? "காதுல வுழுதா இல்லியா" என்று ஆள் எடுக்கிறவரையே கேட்டால்?

பரணிலிருந்து விரிசல் புத்தரை இறக்கினாள். அதே சர்க்யூட்டை அச்சாக இன்னொன்று செய்து உள்ளே வைத்தாள்; செருகிக் கழற்றுகிற கம்பி இரண்டையும் நடுவே பீங்கான் துண்டோடு தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ரயில் நிலையத்து அறிவிப்புப்போலத் தன் குரலையே பதிந்தாள். "அன்பார்ந்த வாடிக்கையாளரே, தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும்."

"கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி இருக்குது" என்றாள் அம்மா.

"வேலைக்குப் போற எடத்துல மரியாதையா இருக்கணும்மா."

அப்பாவின் கவலை வேறு. காதோர விரிசலை விரலால் தடவினார். "ஒடசல் சரக்கு என் கையால இந்த ஊரத் தாண்டுனதில்ல."

"அது தெரியாதுப்பா. காலைல நல்லா கட்டிக் குடுங்க, போதும்."

காலையில் அவள் தலைவாரி முடிப்பதற்குள் அப்பா வைக்கோல் வைத்து, அட்டைப்பெட்டியில் இறுக்கி, குறுக்கும் நெடுக்கும் சணல் கட்டி வைத்திருந்தார். "பஸ்ஸு கவுந்தாலும் பொம்ம ஒடையாது" என்றார் ஆசீர்வாதமாக.

குருமூர்த்திக்கு அவளை ஞாபகம் இருந்தது. "கேட்டு தொறந்துச்சா?"

"அத வுட்டுட்டேன் சார். வேற செஞ்சிருக்கேன். எங்க வூட்லயும் பக்கத்து வூட்லயும் ஓடுது."

சணலை அறுத்தாள். வைக்கோலை விலக்கினாள். புத்தர் சிரித்தார். இளமதி அவர் காதைப் பார்த்தாள். விரிசல் இல்லை. இந்தக் காதைப் பார்த்தாள், அந்தக் காதைப் பார்த்தாள். வழவழவென்று முழுசாக இருந்தது.

ஊரைத் தாண்டுவதற்கு உடைசல் சரக்கை விட மனசில்லாமல், அப்பா நல்ல சரக்காகப் பார்த்துக் கட்டிவிட்டார். உள்ளே அம்மா இருந்தாள்.

"சார், பொம்ம மாறி வந்துடுச்சு. இன்னொரு நாளைக்கு..."

"இதுவும் கடையில கேக்கணுமா?"

சுருக்கென்றது. பெண்ணாடத்து ஸ்டூடியோவும், மாப்பிள்ளை தலையில் விழுகிற பூவும், பறக்கிற இதயமும் கண்முன் வந்து போயின. ஆனது ஆகட்டும் என்று, பையிலிருந்த கம்பிகளைப் பொம்மையில் செருகி, அவருக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் இரண்டையும் விட்டாள்.

"இளமதி அப்பா!" என்றது பொம்மை.

குருமூர்த்தி அவளுடைய பயோடேட்டாவைப் படித்துக்கொண்டிருந்தார்.

"டேங்கு ரொம்பி வழியுது, காதுல வுழுதா இல்லியா? படிச்சது போதும், பேப்பர கீழ வெச்சுட்டு எழுந்திரிங்க!"

குருமூர்த்தி பேப்பரைக் கீழே வைத்தார். பாதி எழுந்தும் விட்டார். டீ கொண்டுவந்த ஆபீஸ் உதவியாளர் பழமலை, டம்ளர்களை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினார்.

"மோட்டார நிறுத்துறீங்களா, இல்ல நான் வரட்டா?"

இளமதி கம்பியை எடுத்துத் துடைத்தாள். பழமலை மூச்சு வாங்க வந்து நின்றார். "நிறுத்திட்டேன் சார். நம்ம டேங்கும் நெசமாவே வழிஞ்சுதான் கெடந்துது."

குருமூர்த்தி மெதுவாக உட்கார்ந்தார். "இளமதி யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப, இளமதி அப்பா?"

"எங்கப்பா சார். எங்கம்மா அவரு பேரச் சொல்ல மாட்டாங்க."

"பேசுனது?"

"எங்கம்மா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. "கடையில வாங்கல. சத்தியமா நம்புறேன்" என்றார். சிரித்து முடித்தபின் நிஜமான கேள்விகள் வந்தன. "நிறுத்துறதுக்கு சுவிட்சு ஏன் வெக்கல?"

"வெச்சேன் சார். அப்பா பொம்மய நிறுத்திட்டு மோட்டார வுட்டுட்டாரு."

"நடுவுல இந்தப் பீங்கான் எதுக்கு?"

முணுமுணுப்புக் கதையைச் சொன்னாள். கம்பி இடம் மாறிய கதையைச் சொன்னாள். ஊறுகாய் ஜாடியையும் சொன்னாள். எதற்கும் யாரிடமும் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒண்ணாந்தேதி வந்து சேந்துடு. பொம்மய இங்கயே வெச்சிட்டுப் போறியா? மேனேஜருக்குக் காட்டணும். அவரும் எழுந்திரிக்கிறாரானு பாக்கணும்."

பஸ் நிலையத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து சம்சாத் பேகம் வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மா ஓடிவந்து எடுத்தாள்.

"யம்மா! வேல கெடச்சிடுச்சு!"

"கெடச்சிடுச்சா? தாயே விருத்தாம்பிகே! அது இருக்கட்டும்டி, பொம்மய மாத்திக் கட்டிட்டாரு ஒங்கப்பா. நீ செஞ்ச இன்னொண்ண இங்க மாட்டி வெச்சிருக்காரு. அது 'அன்பார்ந்த வாடிக்கையாளரே'ங்குது. வேற யாரையோ கூப்புடுதுன்னு இவுரு பாட்டுக்குப் பேப்பரு படிக்கிறாரு. தண்ணி தெருவுல ஓடுது. சீக்கிரம் என் பொம்மய எடுத்துக்கிட்டு வா."

"அத கம்பெனில வெச்சிக்கிட்டாங்கம்மா."

"என் கொரலயா? அங்க என்னாத்துக்கு?"

"பெரிய ஆபீசருக்கெல்லாம் காட்டணுமாம்."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "ஏண்டி, அவங்க எழுந்திரிச்சாங்களா?"

"ஒடனே எழுந்திரிச்சாரும்மா. கையிலிருந்த பேப்பரயும் கீழ வெச்சுட்டாரு."

போனை வைக்காமலே, சுவர் தாண்டிக் கேட்கும்படி விருத்தாம்பாள் சொன்னது பூத் வரைக்கும் கேட்டது:

"பாத்தீங்களா இளமதி அப்பா! படிச்சவங்க ஒரு தடவ சொன்னா கேக்குறாங்க!"